டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர்: இடது பக்கம் எண், வலது பக்கம் என் வீடு

ஒரு தாளுக்கு விமர்சனம் எழுதப் போகிறேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களில் பலருடைய கைக்கு இது வந்திருக்கும். எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்ததும் ஒரு அட்டையில் செருகி, கூடவே பேனாவையும் கொடுத்து, "டாக்டர் கூப்பிடறதுக்குள்ள இதை நிரப்பி வைங்க" என்பார்கள். டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் என்று அதற்குப் பெயர். தாளைத் தொடர்ந்து வருகிற மனநலப் பிரிவின் சேவையையும் பயன்படுத்தியவள் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், அந்தக் குறைகள் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியவை என்றும் நான் நினைக்கவில்லை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாளுக்கு ஐந்தில் நாலு. அதை வாங்கிப் பார்த்த விதத்துக்கு இரண்டு, அதுவும் தாராள மனசோடு. கடைசியில் அதை ஒழுங்காகப் படித்த ஆலோசகருக்கு ஐந்து.

தாள் இப்படி இருக்கும். இடது பக்கத்தில் ஒரு வெப்பமானிப் படம். அடியில் 0, உச்சியில் 10. இன்றும் சேர்த்து, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது என்று ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வலது பக்கத்தில் ஒரு நீளமான பட்டியல். உடம்பு, மனசு, உறவுகள், நடைமுறைச் சிக்கல்கள், ஆன்மிகம் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் சின்னச் சின்னக் கட்டங்கள். வலி, தூக்கம், களைப்பு, ஞாபகம் என்று தொடங்கி, பயம், தனிமை, கோபம், யாருக்கோ பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணம் என்று போகும். நடைமுறைச் சிக்கல்களில் வேலை, பணம், காப்பீடு, போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பிறரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் உண்டு. கடைசியில் "வேறு ஏதாவது" என்று காலியாக இடம் விட்டிருப்பார்கள்.

இதன் பிறப்பிடம் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம். புற்றுநோய் உளவியல் என்ற துறையையே நிலைநிறுத்தியவர் என்று சொல்லப்படும் ஜிம்மி ஹாலண்டும் அவருடைய சகாக்களும் 1998இல் புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வலிக்கு 0 முதல் 10 வரை கேட்கிறோமே, மனசுக்கும் அப்படியே கேட்டால் என்ன என்பதுதான் யோசனை. எண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஆளிடம் உட்கார்ந்து மேற்கொண்டு பேச வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டல். அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். அதைத் தன் நெறிமுறையில் சேர்த்துப் பட்டியலையும் அவ்வப்போது புதுப்பித்து வருகிறது. வடிவத்தில் எனக்குக் குறையில்லை. கீமோ நாளில் கேள்வித்தாள் என்று யார் எதை நீட்டினாலும் எரிச்சல் வரும். இது சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். எனக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. நிணநீர் முடிச்சு வரை வந்திருந்தது, அதைத் தாண்டவில்லை. அறுவை சிகிச்சை, அப்புறம் கீமோ. நான் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்துகிறவள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, பக்கம் இல்லாத மாதம் வருமானமும் இல்லை. அம்மா என்னோடு இருக்கிறார். அவருக்கு மறதி நோய், எனக்கு நோய் தெரிவதற்கு வெகு முன்னாலிருந்தே. ராத்திரி எழுந்து வாசல் கதவைத் தட்டுவார். "என் வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்பார். இதுதான் வீடு என்று சொன்னால் என்னை ஏமாற்றுக்காரி மாதிரி பார்ப்பார். தம்பி ஒருவன் இருக்கிறான். போன் செய்யும்போதெல்லாம், "நீ இருக்கும்போது எனக்கென்ன கவலைக்கா" என்பான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறான், அதுதான் பிரச்சினை. கணவர் நல்லவர், பேசாதவர். அவருடைய வேலை ஒப்பந்த வேலை. எனக்கு அறுவைக்கு நாள் குறித்த சமயத்தில் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நோய் தெரிந்த அன்று எல்லோரும் என்னைப் புற்றுநோய்க்காரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தது அறுவை நாளில் அம்மாவை யார் குளிப்பாட்டுவார்கள் என்பதை. சாவைப் பற்றி யோசிக்கவில்லையா என்று பிறகு ஒருவர் கேட்டார். அதற்கு நேரம் வேண்டாமா?

தாள் முதன்முதலில் கைக்கு வந்தபோது இடது பக்கத்தில் 6ஐ வட்டமிட்டேன். வலது பக்கத்தில் வேலை, பணம், பிறரைப் பார்த்துக்கொள்வது, தூக்கம், குடும்பத்தாருடன் உறவு, கோபம், பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணம் எல்லாவற்றிலும் குறி போட்டேன். காலி இடத்தில், "அம்மா ராத்திரி தூங்குவதில்லை" என்று எழுதினேன். தாளை வாங்கிய சிஸ்டர் இடது பக்கத்தை மட்டும் பார்த்தார். "ஆறா? கவலைப்படாதீங்க மேடம், கேன்சர்னு தெரிஞ்சா யாருக்கும் இப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்." சொல்லிவிட்டு கோப்பில் செருகினார். கனிவான பெண், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் இரண்டு தவறான தகவல்கள் இருக்கின்றன, அவற்றுக்காகத்தான் இந்த விமர்சனமே.

முதலாவது, "யாருக்கும் இப்படித்தான்" என்பது. அதிர்ச்சி, அழுகை, பயம் எல்லாம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், உண்மைதான். ஆனால் சிகிச்சை தேவைப்படுகிற மனச்சோர்வு எல்லோருக்கும் வருவதில்லை. பல பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு, முறையான நேர்காணல் வைத்துப் பார்த்தால் புற்றுநோயாளிகளில் சுமார் 16 சதவீதம் பேருக்குத்தான் முழு மனச்சோர்வு என்றது. பதற்றம், மனநிலைத் தடுமாற்றம் எல்லாவற்றையும் சேர்த்தால்தான் 30, 40 சதவீதம் வரும். முழு மனச்சோர்வு என்றால் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். மற்ற ஐந்து பேருக்கும் அதே புற்றுநோய்தானே? அந்த ஒருவரை மட்டும் எது தள்ளிவிடுகிறது என்று கேட்காமல், எல்லாருக்கும் இப்படித்தான் என்று தோளைத் தட்டிவிட்டால் அந்த ஒருவர் கோப்புக்குள்ளேயே போய்விடுகிறார்.

இரண்டாவது, "போகப் போகச் சரியாயிடும்" என்பது. நோய் ஒரு நாளில் வந்து விழுகிற அடி. அந்த அடியின் வலி பலருக்கு மெல்லக் குறையும். ஆனால் என் பட்டியலில் குறி விழுந்தவற்றில் பாதிக்கு மேல் நோய்க்கு முன்னாலேயே இருந்தவை. அவை போகப் போக எப்படிச் சரியாகும்? கீமோ முடிந்தால் அம்மா தூங்கிவிடுவாரா?

இதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் ஆலோசகர்தான். பிறகு நானே தேடிப் படித்தேன், மெய்ப்புத் திருத்துகிறவளுக்குப் படிப்பதைத் தவிர வேறென்ன தெரியும். ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. மனச்சோர்வுக்கு முன்னால் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டுத் தொகுத்தார்கள். சாவு, பிரிவு, வேலை இழப்பு மாதிரி திடீர் நிகழ்வுகளை ஒரு பக்கமும், இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே போகிற பெரிய சிக்கல்களை இன்னொரு பக்கமும் வைத்தார்கள். இரண்டுமே மனச்சோர்வைக் கிளப்பிவிடக் கூடியவை என்று வந்தது. மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் வந்தது. பிரவுனும் சகாக்களும் 1987இல் எழுதியது இன்னும் குறிப்பானது. ஏற்கனவே இருக்கிற நெடுநாள் சிக்கலோடு பொருந்தி வந்து விழுகிற கெட்ட நிகழ்வு, தனியாக விழுகிறதைவிட எளிதாக மனச்சோர்வில் கொண்டுபோய் விடுகிறது. பட்ட காலிலே படும் என்று நாம் சொல்வதை அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

புற்றுநோயைத் தனியாக எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஆண்டர்சனும் அவருடைய சகாவும் மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்த பெண்களிடம், அடுத்த சிகிச்சை தொடங்கும் முன்பே பேசி, 2004இல் எழுதினார்கள். நோயைப் பற்றிய கலக்கத்தோடு நிற்காமல், வாழ்க்கை கைமீறிப் போகிறது என்ற பொதுவான அழுத்தமும், நோயைத் தவிர வாழ்க்கையில் நடந்த மற்ற அடிகளும் மனச்சோர்வோடு தொடர்புடையவையாக இருந்தன. அதைப் படித்தபோது, என் தாளின் வலது பக்கத்தை யாரோ படித்துவிட்டார்கள் என்று இருந்தது.

உடம்புக்குள்ளும் இது நடக்கிறது. ஓயாத நெருக்கடியில், கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் சுரப்பின் காலை ஏற்றம், இரவு இறக்கம் என்கிற தாளம் தட்டையாகிவிடலாம். கட்டியும் சிகிச்சையும் சேர்ந்து உடம்பில் அழற்சியைக் கிளப்புகின்றன, அந்த அழற்சியின் வேதிப்பொருள்கள் மூளையில் வேலை செய்தால் களைப்பு, ஆர்வமின்மை, சோர்வு எல்லாம் வரும். நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் பலர் மனச்சோர்வில் விழுந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். அதனால் "மனசைத் தேற்றிக்கோ" என்பவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். "நீ கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தான் உனக்கு இது வந்தது" என்று உறவில் ஒருவர் எடுத்துச் சொல்லாமல் இருக்க மாட்டார். மன அழுத்தம் புற்றுநோயை வரவழைக்கிறது என்று ஆராய்ச்சி நிறுவவில்லை. அழுத்தம் மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்பதற்கோ ஆதாரம் நிறைய. இந்த இரண்டையும் குழப்பி, நோயாளி தலையிலேயே நோயைக் கட்டுகிறவர்களைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

சரி, தாளுக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் சொல்கிறேன்.

இது கடந்த ஒரு வாரத்தை மட்டும் கேட்கிறது. பட்டியலில் "பணம்" என்று குறி போட்டால், அது இந்த வாரம் வந்த பணக் கவலையா, பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிற பணக் கவலையா என்று தாளுக்குத் தெரியாது. எது பழசு என்று சொல்ல ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம், கூடுதலாக இருந்திருக்கலாம். மற்றபடி பட்டியல் அற்புதமானது. "பிறரைப் பார்த்துக்கொள்வது" என்ற வரியைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நோயாளி என்றால் பார்த்துக்கொள்ளப்படுகிறவர் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளும்போது, நாம் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒரு அச்சடித்த தாள் யூகித்திருக்கிறது.

இனி சொல்பவை தாளின் குறை இல்லை, கொடுப்பவர்களின் குறை. கீமோ நாளன்று கொடுக்கிறார்கள். எனக்கு வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவார்கள். அதைப் போட்ட அன்று மனசு துள்ளும், ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு அலமாரி அடுக்குவேன். அதன் வேகம் இறங்கியதும், இரண்டு மூன்று நாளில், கட்டிலை விட்டு எழ முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவேன், ஏன் என்று தெரியாது. அடுத்த கீமோவுக்குள் ஓரளவு தேறிவிடுவேன். அப்போது மறுபடியும் தாள் வரும். ஒரு தடவை சிகிச்சை அறையில், மருந்து ஏற ஆரம்பித்த பிறகு கொடுத்தார்கள். அன்று நான் போட்டது 2. அந்த 2ஐப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

இன்னொன்று, விரல். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து விரல் நுனிகளை மரக்க வைக்கும், குளிர்ந்த எதையும் தொட்டால் ஊசி ஊசியாகக் குத்தும். குளிரூட்டிய அறையில் உலோகப் பேனாவைக் கொடுத்துக் கட்டங்களில் குறி போடு என்கிறார்கள். என் குறிகள் கட்டத்தை விட்டு வெளியே போய் அடுத்த வரியில் விழுந்தன. ஒரு தடவை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் எனக்குச் சிக்கல் என்று பதிவாகியிருந்தது. எனக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் கவனித்துக் கேட்கவும் இல்லை என்பதிலிருந்தே வலது பக்கம் எவ்வளவு படிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம், பக்கத்து நாற்காலி. தாளில் "கணவர் அல்லது மனைவியுடன் உறவு" என்று ஒரு வரி உண்டு. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கே வேலை நிலையில்லை. அந்த வரியில் குறி போடுகிற தைரியம் யாருக்கு வரும்? தாண்டிப் போனேன். தாண்டிப் போகிற அந்த நொடியில் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். தாளைத் தனியாக நிரப்ப ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

இனி ஆலோசகர். அவரிடம் நான் போனதே, ஒரு பயிற்சி மருத்துவர் கோப்பைப் புரட்டும்போது காலி இடத்தில் நான் எழுதியிருந்த வரியைப் படித்து, "இவங்க அம்மா இப்ப யார்கிட்ட இருக்காங்க?" என்று கேட்டதால். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அடுத்த வாரம் ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்.

அறை என்று சொல்ல முடியாத ஒரு தடுப்பு. பக்கத்துத் தடுப்பில் தும்மினால் கேட்கும். இதற்கும் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்க வேண்டும், அவருக்காக விட்டுவிட்டேன். முதலில் பி.எச்.க்யூ-9 என்ற இன்னொரு கேள்வித்தாளை எடுத்தார். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 வந்தாலே கவனிக்க வேண்டும், 15ஐத் தொட்டால் ஓரளவு தீவிரம், 20ஐத் தொட்டால் தீவிரம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தூக்கம், களைப்பு, பசி, கவனம் என்று அதில் பாதி கேள்விகள் உடம்பைப் பற்றியவை. கீமோவில் இருக்கிற யாருக்கு இவை சரியாக இருக்கும்? நான் அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "அதனாலதான் நான் மொத்தத்தைப் பார்த்துட்டு நிறுத்திக்கறதில்ல. முதல் ரெண்டு கேள்வி எனக்கு முக்கியம். எதுலயும் ஆர்வம் இல்லாமப் போச்சா, மனசு இருண்டு கிடக்குதா. அதைச் சொல்லுங்க." உடம்பு அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு மனசை மட்டும் கேட்கிற ஹாட்ஸ் என்ற தாளும் 1983 முதல் இருக்கிறதாம், சில இடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்பது. "சில நாள்" என்று போட்டிருந்தேன். அவர் பதறவில்லை, கணவரைக் கூப்பிடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எப்போது வருகிறது, எதுவரை போகிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். அம்மா ராத்திரி மூன்றாவது முறை கதவைத் தட்டும்போது வரும், திட்டம் எதுவும் இல்லை, விடிந்தால் போய்விடும் என்றேன். அது திட்டமாக மாறினால், ராத்திரி எந்த நேரமானாலும், அன்றைக்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்று என்னையே ஒரு தாளில் எழுத வைத்தார். அந்தக் கேள்வியைத் தாண்டிவிடாதீர்கள். கேட்கிறவர் பயப்பட மாட்டார் என்று நம்பித்தான் போட வேண்டியிருக்கிறது, ஆனாலும் போடுங்கள்.

பிறகு என் பழைய டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் தாள்களைக் கோப்பிலிருந்து உருவி மேசையில் வரிசையாக வைத்தார். இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். வலது பக்கத்தில் எது எது நோய்க்கு முன்னாலேயே இருந்தது என்று கேட்டு, அவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வேலை, பணம், அம்மா, தம்பி, கோபம், தூக்கம் எல்லாமே கோடு. நோயோடு வந்தது மிச்சம் சிலதுதான். "இதெல்லாம் கீமோ முடிஞ்சாலும் இருக்கும், இல்லையா? அப்ப கீமோ முடியட்டும்னு எதுக்குக் காத்திருக்கணும்? இன்னிக்கே ஒண்ணை எடுத்துக்கலாம்."

அவர் செய்தது பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை என்கிற முறை. பெயரைக் கேட்டால் அலுவலகக் கூட்டம் மாதிரி இருக்கும், நடைமுறையில் அப்படித்தான் இருந்தது, அதுவே எனக்குப் பிடித்தது. ஒரு சிக்கலை எடுத்துக் குறுகலாக எழுதுவது, முடியாதது உள்பட எல்லா வழிகளையும் எழுதுவது, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த சந்திப்புக்குள் செய்து பார்ப்பது, வந்து சொல்வது. "தம்பி உதவ மாட்டேன் என்கிறான்" என்று எழுதினேன். அதை அடிக்கச் சொன்னார். "என்ன கேட்டீங்க அவர்கிட்ட? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க." யோசித்துப் பார்த்தால், எனக்கு முடியலடா என்பதுதான் நான் அவனிடம் எப்போதும் சொல்வது. அதில் அவன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கீமோ போட்ட பிறகு வருகிற நான்கு ராத்திரிகள் அம்மா அவன் வீட்டில் இருக்க வேண்டும், அவரைக் கொண்டுவிடுவது அவன் பொறுப்பு என்று எழுதிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே போனில் படித்தேன்.

முதலில் மாட்டேன் என்றான். அவன் மனைவிக்குப் பயம். பிறகு ஒரு முறை அழைத்துப் போனான், இரண்டாம் ராத்திரியே திரும்பக் கொண்டுவந்து விட்டான். வாசலில் நின்றபோது அவன் கண் சிவந்திருந்தது. "தினமும் இப்படியாக்கா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு ராத்திரிக்கு மட்டும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டோம், சம்பளத்தை அவன் தருகிறான். அம்மா இன்னும் கதவைத் தட்டுகிறார். திறப்பது நானில்லை.

இதற்குள் மனநல மருத்துவரையும் பார்த்தேன். மாத்திரை எழுதும் முன் தைராய்டும் ரத்தசோகையும் சோதிக்கச் சொன்னார், இரண்டுமே மனச்சோர்வு மாதிரி வேஷம் போடும். நான் எடுக்கிற எல்லா மருந்தையும் வரிசையாகக் கேட்டார். இது வெறும் சடங்கு இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுக்கிறவர்களுக்கு பராக்செடின், ஃபுளுவாக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தவிர்ப்பார்கள், அவை டமாக்சிஃபென் உடம்பில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். எனவே வேறு டாக்டரிடம் போனாலும் புற்றுநோய் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். எனக்குத் தூக்கமும் பசியும் போயிருந்ததால் மிர்டாசபின். காலையில் தலை பஞ்சு மாதிரி இருந்தது, சில வாரத்தில் குறைந்தது.

மாத்திரை பாதி, அம்மாவின் ராத்திரி பாதி என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்து இவ்வளவு தேறியிருப்பேன் என்று தோன்றவில்லை. பிரிட்டனில் 2014இல் வெளியான ஸ்மார்ட் ஆன்காலஜி-2 என்ற ஆய்வு இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறது. புற்றுநோயோடு முழு மனச்சோர்வும் இருந்த 500 பேர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் நான்கு மாதத்துக்குள் அதிகபட்சம் பத்து சந்திப்புகளில் பிரச்சினை தீர்க்கும் முறையும், செயல்களை மெல்லத் திரும்பத் தொடங்க வைக்கும் முறையும் சொல்லித்தர, மனநல மருத்துவர் மருந்தை மேற்பார்த்தார். ஆறு மாதத்தில் சோர்வு பாதியாகக் குறைந்தவர்கள் இந்தப் பக்கம் 62 சதவீதம், வழக்கமான பக்கம் 17. இதை முன்னின்று செய்தவர்கள் செவிலியர்கள் என்பதைக் கவனியுங்கள். என் தாளைக் கோப்பில் செருகிய அந்தக் கனிவான சிஸ்டருக்கு யாராவது பயிற்சி கொடுத்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சேவையின் மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பகல் நேரம் மட்டும்தான். வேலை பார்க்கிற நோயாளி விடுப்பு எடுக்க வேண்டும், கூலி வேலைக்காரர் கூலியை இழக்க வேண்டும், அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்காக. வீடியோ வழியும் உண்டு, ஆனால் வீட்டில் தனியாக உட்கார ஒரு அறை உள்ளவர்களுக்குத்தான் அது உதவும். காப்பீட்டுக் கடிதங்களுக்கும் அலுவலகச் சான்றிதழுக்கும் உதவ ஒரு சமூகப் பணியாளர் அதே மாடியில் இருக்கிறார். அவர் இருக்கிறார் என்பதை எனக்குச் சொன்னவர் காத்திருப்பு இருக்கையில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி. பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பெரிய குறை ஒன்று. கீமோ முடிந்ததும் தாளும் முடிந்துவிட்டது. ஸ்கேனுக்குப் போகிறேன், ரத்தம் எடுக்கிறார்கள், யாரும் தாளை நீட்டுவதில்லை. சிகிச்சை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறும்போது கேளுங்கள் என்பது நெறிமுறையிலேயே இருக்கிறது. பூக்களோடு வந்து பார்த்தவர்கள் நின்றுவிட்டார்கள், விட்ட வேலை திரும்பக் கிடைக்கவில்லை, பதிப்பகங்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன, விரல் இன்னும் மரத்திருக்கிறது, எல்லோரும் "முடிஞ்சுதே, அப்பாடா" என்கிறார்கள். பலர் சரிவது இந்தக் கட்டத்தில்தான் என்று ஆலோசகர் சொன்னார். நானே போய்க் கேட்டு ஒரு தாளை வாங்கினேன். 5 போட்டேன். இந்த முறை வலது பக்கத்தையும் படிக்கச் சொல்லி வாய் விட்டுக் கேட்டேன், படித்தார்கள்.

உங்கள் கைக்கு இந்தத் தாள் வந்தால், பழைய சிக்கல்களின் பக்கத்தில் நீங்களே ஒரு கோடு போட்டுவிடுங்கள், காலி இடத்தைக் காலியாக விடாதீர்கள். கூட வந்தவர் பக்கத்தில் இருந்தால், வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பி அடுத்த முறை கொண்டுவரலாமா என்று கேளுங்கள். எங்கள் பிரிவில் சரி என்றார்கள். ஸ்டீராய்டு இறங்குகிற நாளில் நிரப்பி, தேதியைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.